இலவச எமுலேட்டருக்கு ஆண்டு உரிமக் கட்டணம் வாங்கினார்கள்: பழைய டாஸ் கணக்கு மென்பொருள் வைத்திருப்பவர்கள் கவனிக்கவும்

சேலம் மாவட்டத்தில் கைத்தறிச் சேலை உற்பத்தி செய்யும் குடும்பம் எங்களுடையது. நாற்பதுக்கும் மேற்பட்ட நெசவாளர்களுக்குப் பாவும் ஊடைநூலும் கொடுத்து, நெய்து வரும் சேலைகளைப் பெற்றுக்கொண்டு, சனிக்கிழமைதோறும் கூலி தருகிறோம். யாருக்கு எத்தனை பாவு போயிருக்கிறது, யாருடைய முன்பணம் எவ்வளவு நிலுவையில் இருக்கிறது, இந்த வாரக் கூலியில் எவ்வளவு பிடிக்க வேண்டும் என்ற கணக்கு முழுவதும், 1997-இல் அப்பாவின் நண்பர் ஒருவர் கிளிப்பர் என்ற நிரல்மொழியில் எழுதிக்கொடுத்த, விண்டோஸுக்கு முந்தைய டாஸ் இயக்க முறைமைக்கான மென்பொருளில்தான் இருக்கிறது. எழுதியவர் காலமாகிவிட்டார். ஜிஎஸ்டி பில்லுக்கு வேறு மென்பொருள் வந்தபிறகும் நெசவாளர் கணக்கை நாங்கள் மாற்றவில்லை. அது ஒருநாளும் தவறியதில்லை.

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிகிறது என்பதால், செப்டம்பரில் எங்கள் ஊர் கணினிக் கடை ஒன்றை அணுகினோம். பழைய கணினியை எடுத்துக்கொண்டு விண்டோஸ் 11 போட்ட புதிய கணினி தருவதாகவும், பழையதற்கு ரூ. 3,000 கழிப்பதாகவும் சொன்னார்கள். "இந்த டாஸ் புரோகிராம் புதுசுல ஓடுமா?" என்று அப்பா இரண்டு முறை கேட்டார். "கம்பேட்டிபிலிட்டி மோடுல போட்டுக் கொடுத்துடுவோம் ஐயா, ஒரு பிரச்சினையும் வராது" என்று கடைக்காரர் உறுதி சொன்னார். கம்பேட்டிபிலிட்டி மோடு என்பது பழைய நிரல்களை ஓடவைக்க விண்டோஸில் இருக்கும் ஒரு வசதி.

அந்த உறுதி நிறைவேறவே முடியாதது என்பதைப் பிறகுதான் அறிந்தேன். எங்கள் பழைய கணினியில் இருந்தது 32 பிட் விண்டோஸ் 10 (பிட் எண்ணிக்கை, செயலி ஒரே தடவையில் கையாளும் தரவின் அளவைக் குறிப்பது). அதில் என்டிவிடிஎம் என்ற உள்ளமைப்பு உண்டு. 16 பிட் டாஸ் நிரல்களை இயக்குவது அதன் வேலை. 64 பிட் விண்டோஸில் அந்த அமைப்பே கிடையாது. செயலி (பிராசசர்) 64 பிட் முறையில் இயங்கும்போது, டாஸ் நிரல்களுக்குத் தேவையான மெய்நிகர் 8086 முறையை, அதாவது பழைய 8086 சில்லைப் போல நடந்துகொள்ளும் முறையை, அதனால் தர இயலாது என்பது இதற்கு ஒரு முக்கியக் காரணம். விண்டோஸ் 11-க்கோ 32 பிட் பதிப்பே இல்லை. ஆகவே எந்தக் கம்பேட்டிபிலிட்டி மோடை அழுத்தினாலும் 16 பிட் நிரல் அதில் நேரடியாகத் திறக்காது. கணினி விற்பதையே தொழிலாகக் கொண்டவர்களுக்கு இது தெரியாமல் இருந்திருக்க முடியும் என்று என்னால் நம்ப இயலவில்லை.

புதிய கணினி வந்த அன்று, இந்த நிரல் இக்கணினியில் இயங்காது என்ற அறிவிப்புதான் திரையில் வந்தது. கடையிலிருந்து வந்த பையன் எங்கோ பேசிவிட்டு, இதற்குத் தனியாக எமுலேட்டர் (பழைய கணினியைப் போல நடித்து நிரலை ஓட்டும் மென்பொருள்) உரிமம் வாங்க வேண்டும், ஆண்டுக்கு ரூ. 6,500, அடுத்த ஆண்டு புதுப்பிக்காவிட்டால் நின்றுவிடும் என்றான். கூலி கொடுக்க வேண்டிய சனிக்கிழமைக்கு இரண்டே நாள் இருந்தது. பணத்தைக் கொடுத்தோம். ஒரு துண்டுத்தாளில் தொகையை எழுதித் தந்தார்களே தவிர, ஜிஎஸ்டி எண் போட்ட பில் தரவில்லை.

நிரல் திறந்தது, ஆனால் பழைய கணினியில் ஒரு நிமிடத்துக்குள் முடிந்த வாராந்தரக் கூலிச் சுருக்கம் இருபது நிமிடத்துக்கு மேல் எடுத்தது. கேட்டபோது ரேம் போதவில்லை என்றார்கள். ரூ. 2,200-க்குக் கூடுதல் ரேம் வாங்கிப் போட்டும் ஒரு நிமிடம்கூடக் குறையவில்லை. 640 கிலோபைட் நினைவகத்துக்குள் அடங்கும்படி எழுதப்பட்ட நிரலுக்கு ரேம் போதாது என்பது எவ்வளவு பெரிய பொய் என்று அன்று எங்களுக்குத் தெரியவில்லை. அச்சும் வரவில்லை. விண்டோஸ் 11 டாட் மேட்ரிக்ஸ் அச்சுப்பொறியை ஏற்காது, லேசர் அச்சுப்பொறி வாங்குங்கள் என்றார்கள். நல்லவேளையாக அப்பா அதை மட்டும் மறுத்துவிட்டு, அந்த வாரம் கூலிச் சீட்டு முழுவதையும் கையால் எழுதினார்.

மூன்றாவது வாரத்தில் நேர்ந்தது இவை எல்லாவற்றையும்விட மோசமானது. கணக்கர் பாவுக் கணக்கை ஒரு சன்னலில் திறந்து வைத்திருந்தபோது, நான் முன்பண வரவைப் பதிய இன்னொரு சன்னலைத் திறந்தேன். பழைய கணினியில் இப்படிச் செய்வது வழக்கம். ஒருவர் எழுதிக்கொண்டிருக்கும் பதிவை மற்றவர் தொடாதபடி பூட்டு விழுந்துவிடும். எமுலேட்டரில் அந்தப் பூட்டு வேலை செய்யவில்லை. இரண்டு சன்னல்களும் ஒரே கோப்பில் எழுத, பதிவுகளைத் தேட உதவும் அட்டவணைக் கோப்புகள் (இன்டெக்ஸ்) குலைந்து பதினொரு நெசவாளர்களின் முன்பண நிலுவை மாறிப்போனது. இருபது ஆண்டுகளாக எங்களுக்கு நெய்யும் ஒரு அம்மா, தான் கட்டி முடித்த கடன் மீண்டும் எப்படி வந்தது என்று தன் கூலி அட்டையை நீட்டியபோது அப்பாவால் பதில் சொல்ல முடியவில்லை. அவர்கள் எங்கள் கணக்கை நம்பித்தான் தறியில் உட்காருகிறார்கள். பழைய கணினியின் வன்தட்டில் சரியான கணக்கு இருக்கும் என்று கடைக்கு ஓடினேன். அதை அழித்து வேறொருவருக்கு விற்றுவிட்டதாகச் சொன்னார்கள்.

அன்று இரவுதான் சன்னலின் தலைப்புப் பட்டையை நிதானமாகப் படித்தேன். மேசைத்திரைக் குறுக்குவழிக்கு (ஷார்ட்கட்) வேறு பெயரும் வேறு சின்னமும் வைத்திருந்தார்களே தவிர, தலைப்பில் டாஸ்பாக்ஸ் 0.74-3 என்றும், செயலி வேகம் 3000 சைக்கிள் என்றும் தெளிவாக இருந்தது. டாஸ்பாக்ஸ் என்பது பழைய டாஸ் விளையாட்டுகளுக்காக உருவாக்கப்பட்ட, ஜிபிஎல் என்ற திறந்தமூல உரிமத்தில் யாரும் இலவசமாக இறக்கிக்கொள்ளக்கூடிய மென்பொருள். அதை நிறுவித் தருவதற்குக் கூலி கேட்டிருந்தால் நான் ஒரு சொல்லும் சொல்லமாட்டேன். அந்த உரிமம் அதற்கு இடம் தருகிறது, உழைப்புக்கும் ஊதியம் வேண்டும். ஆனால் ஆண்டு உரிமம் என்று ஒன்று அதற்கு இல்லை. புதுப்பிக்காவிட்டால் நின்றுபோகும் என்று சொல்லி வாங்கியது ஏமாற்று.

மற்றப் புதிர்களும் அதன் பிறகு ஒவ்வொன்றாக அவிழ்ந்தன. அமைப்புக் கோப்பில் சைக்கிள்ஸ் என்ற வரியில் ஆட்டோ என்று இருந்தால், எங்களுடையது போன்ற நிரல்களுக்கு டாஸ்பாக்ஸ் 3000 சைக்கிள் மட்டுமே ஒதுக்கும். அது ஏறக்குறைய பழைய 386 கணினியின் வேகம். ஆட்டோவை மேக்ஸ் என்று மாற்றியதும் கூலிச் சுருக்கம் அரை நிமிடத்தில் வந்தது. அந்த ஒற்றைச் சொல்லை மாற்றாமல்தான் எங்களுக்கு ரேம் விற்றிருக்கிறார்கள். அச்சு வராததற்கு விண்டோஸ் 11 காரணமே இல்லை. டாஸ் நிரல் எல்பிடி 1 என்ற இணை வாயிலுக்கு அச்சை அனுப்புகிறது, டாஸ்பாக்ஸ் 0.74-இல் அந்த வாயிலே கிடையாது. அதன் கிளையான டாஸ்பாக்ஸ் எக்ஸ்-இல் அது உண்டு. அங்கே வரும் அச்சை ஒரு கோப்பாகச் சேமிக்கச் செய்து, யூஎஸ்பி வழியாக இணைத்த எங்கள் அச்சுப்பொறியைப் பகிர்வுக்கு விட்டு, அந்தக் கோப்பைக் காப்பி கட்டளையால் அதற்கு அனுப்பினேன். தொடர்தாளில் கூலிச் சீட்டுகள் பழையபடியே வந்தன. இதே வேலைக்கு வீடாஸ் என்ற இன்னொன்றும் இருக்கிறது. அது அலுவலகக் கணக்கு நிரல்களை மனத்தில் வைத்தே செய்யப்பட்டது.

குலைந்த தரவைச் சரிசெய்யத்தான் நாள் பிடித்தது. அட்டவணைக் கோப்புகளை அழித்துவிட்டு நிரலைக் கொண்டே மீண்டும் உருவாக்கினேன். மேலெழுதப்பட்ட தொகைகளை அதனால் மீட்க முடியவில்லை. அப்பா ஆகஸ்டில் பென் டிரைவில் எடுத்து வைத்திருந்த நகலையும் பதினொரு பேரின் கூலி அட்டைகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நான்கு மாலைகள் உட்கார்ந்து வரிவரியாகச் சரிபார்த்தோம். இப்போது ஒரு நேரத்தில் ஒரு சன்னல் மட்டுமே திறக்கிறோம்.

கடையில் போய்க் கேட்டபோது, நிறுவியதற்கான கட்டணம் அது என்று பேச்சை மாற்றினார்கள். உரிமம் என்று எழுதிய துண்டுத்தாளைக் காட்டியபிறகு ரூ. 3,500 திருப்பித் தந்தார்கள். ரேமுக்கும் மீதித் தொகைக்கும் இன்றுவரை பதில் இல்லை. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். தொழிலுக்காக வாங்கியது என்று கூறித் தட்டிக்கழிக்கப் பார்ப்பார்கள். சொந்த உழைப்பில் பிழைப்பு நடத்தச் சுயதொழில் செய்பவர் வாங்கியதை 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வணிகப் பயன்பாடாகக் கொள்வதில்லை என்பதை நினைவில் வையுங்கள்.

விண்டோஸ் மாற்றச் சொல்லி உங்களிடமும் யாராவது வந்தால், பழைய கணினியை அவர்களிடம் கொடுக்காதீர்கள். இணைய இணைப்பைத் துண்டித்துவிட்டு, டாஸ் கணக்குக்கு மட்டும் அதை ஒரு மூலையில் வைத்துக்கொள்ளலாம். எங்களுக்கு அதுவே போதுமானதாக இருந்திருக்கும். 32 பிட்டிலிருந்து 64 பிட்டுக்கு மேலேற்றம் என்று எதுவும் இல்லை, புதிதாகத்தான் நிறுவ வேண்டும் என்பதால், அதே கணினியில் மாற்றித் தருகிறோம் என்பவர் உங்கள் வன்தட்டை அழிக்க நேரலாம். தரவு நகல் உங்கள் கையில் இல்லாமல் அதற்கு ஒப்புக்கொள்ள வேண்டாம். ஏற்கெனவே எமுலேட்டர் உரிமம் என்று பணம் கட்டியிருப்பவர்கள், முதலில் தரவுக் கோப்புறையை வேறொரு தட்டில் நகலெடுத்துவிட்டு, நிரலைத் திறந்து தலைப்புப் பட்டையில் என்ன பெயர் இருக்கிறது என்று பாருங்கள். டாஸ்பாக்ஸ் என்று இருந்தால், அடுத்த ஆண்டுப் புதுப்பிப்புக்கு ஒரு ரூபாயும் கட்ட வேண்டியதில்லை.