குரங்கா, சுண்டெலியா, மனிதரா: பார்வை நரம்பியலில் எந்த வழி?

பார்வை நரம்பியலில் முனைவர் பட்டத்துக்குச் சேருகிறவர்கள் தலைப்பைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பார்கள். தலைப்பு பெரும்பாலும் இரண்டாம் ஆண்டில் மாறிவிடும். எந்த உயிரை வைத்து, எந்தக் கருவியால் அளக்கிறோம் என்பது அவ்வளவு லேசில் மாறாது. குரங்கு, சுண்டெலி, ஸ்கேனருக்குள் படுத்திருக்கும் மனிதர், திரைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் மனிதர் என்று வழி நான்கு. நான்கிலும் அன்றாட வேலை வேறு, கெட்டுப்போகும் விதமும் வேறு.

ஒப்பிட வசதியாக ஒரே கேள்வியை எடுத்துக்கொள்வோம்: ஒரு முகத்தை மூளை எப்படி முகம் என்று அறிகிறது?

1997இல் நான்சி கான்விஷர் குழு மனிதர்களை எஃப்எம்ஆர்ஐ ஸ்கேனரில் வைத்துப் பார்த்தது. மற்ற பொருள்களைவிட முகங்களுக்குக் கூடுதலாக வினைபுரியும் பகுதி ஒன்று மூளையின் அடிப்புறத்தில் தெரிந்தது. எங்கே என்பதற்கு அது நல்ல பதில். ஆனால் எஃப்எம்ஆர்ஐ அளப்பது இரத்தத்தின் ஆக்சிஜன் மாற்றத்தை. படம் காட்டி 5, 6 நொடி கழித்துத்தான் அந்தச் சைகை உச்சத்துக்கு வரும். குரங்கின் முதன்மைப் பார்வைப் புறணியான வி1 பகுதி, படம் தோன்றி சுமார் 50 மில்லிநொடிக்குள் துடிக்க, அதாவது மின்துடிப்புகளை அனுப்பத் தொடங்கிவிடுகிறது. இடத்திலும் இதே கதைதான்: ஸ்கேனர் மூளையைச் சிறு கனசதுரங்களாகப் பிரித்து அளக்கிறது; 3 மில்லிமீட்டர் பக்கமுள்ள ஒரு கனசதுரத்துக்குள் லட்சக்கணக்கான நியூரான்கள் இருக்கின்றன. அவை அத்தனைக்கும் சேர்த்து நமக்குக் கிடைப்பது ஒரே எண்.

அந்தப் பகுதியின் செல்கள் என்ன செய்கின்றன என்ற கேள்வி குரங்கிடம்தான் கொண்டுபோய் விட்டது. 2006இல் டோரிஸ் சாவ் குழு மக்காக் குரங்கை முதலில் ஸ்கேனரில் வைத்து முகப் பகுதியைக் கண்டுபிடித்தது; பிறகு அதே இடத்தில் மின்முனையை இறக்கியது. அங்கே பார்வைக்கு வினைபுரிந்த செல்களில் 97 விழுக்காடு முகங்களையே தேர்ந்து துடித்தன. ஸ்கேனர் மட்டும் இருந்திருந்தால் இந்த எண் கிடைத்திருக்காது.

குரங்கு வழியின் பலம் இதுதான்: தனிச் செல், மில்லிநொடித் துல்லியம், நம்முடையதைப் போன்ற கண். (நம் ஊர்க் கோயில்களில் தேங்காய் பிடுங்குவதும் மக்காக் இனம்தான்.) இன்னொன்றும் உண்டு. 1990இல் நியூசம் குழுவினர் நகர்வை உணரும் எம்டி என்ற மூளைப் பகுதியில் மிகச் சிறிய மின்னோட்டம் செலுத்தி, புள்ளிகள் எந்தப் பக்கம் நகர்கின்றன என்ற குரங்கின் முடிவையே சாய்த்துக் காட்டினார்கள். காரணத்தைத் தொட்டுக் காட்டும் அந்த வசதி ஸ்கேனரில் கிடையாது.

விலை காலம். குரங்கை நாற்காலியில் உட்காரப் பழக்க வேண்டும். தலை அசையாமலிருக்க டைட்டேனியப் பிடியை மண்டையோட்டில் பொருத்த அறுவை; எலும்பு இறுகும்வரை வாரக்கணக்கில் காத்திருப்பு. பிறகு திரையின் நடுப்புள்ளியை ஓரிரு பாகை வட்டத்துக்குள் சில நொடி விடாமல் பார்க்கப் பயிற்சி. சரியாகப் பார்த்தால் ஒரு சொட்டுப் பழச்சாறு. முதல் உருப்படியான தரவு வருவதற்குள் ஓர் ஆண்டு போவது சாதாரணம். வயிறு நிறைந்ததும் குரங்கு வேலையை நிறுத்திவிடும், அன்றைய பதிவு அத்தோடு சரி. அதன் எடையையும் குடித்த நீரின் அளவையும் விடுமுறை நாளிலும் எழுதியாக வேண்டும். பொங்கலுக்கு ஊருக்குப் போவதென்றால் ஆள் மாற்றிவிட்டுத்தான் போக முடியும்.

பதிவுக்கு 96 ஊசிகள் கொண்ட யூட்டா மின்முனைத் தொகுதியைப் பதித்தால் தினமும் ஊசி இறக்கும் வேலை மிச்சம். ஆனால் ஊசிகளைச் சுற்றி வடுத்திசு வளர வளர, மாதம் போகப்போகச் சில தடங்கள் ஊமையாகிவிடும். மண்டையோட்டுப் பொருத்தின் விளிம்பில் தொற்று வந்தால் எல்லாமே நிற்கும். ஆய்விதழ்கள் வழக்கமாக எதிர்பார்ப்பது இரண்டு குரங்குகளின் தரவு. இரண்டாவது குரங்கு எப்போது பழகி முடிக்கும் என்பதை வைத்துத்தான் பட்டம் வாங்கும் தேதியைக் கணக்கிட முடியும்.

சின்ன விஷயம் ஒன்று இங்கே பெரிய இழப்பைத் தரும். 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு ஃபிரேம் 16.7 மில்லிநொடி. கணினி 'படம் காட்டிவிட்டேன்' என்று குறித்த நேரமும் திரையில் படம் உண்மையில் தோன்றிய நேரமும் ஒன்றல்ல. அதனால் திரையின் ஒரு மூலையில் சின்ன வெள்ளைச் சதுரத்தைப் படத்தோடு சேர்த்து மின்ன வைத்து, அதன்மேல் ஃபோட்டோடையோடு என்ற சிறு ஒளி உணரியைக் கறுப்பு டேப்பால் ஒட்டுவார்கள். அதன் சைகை நியூரான் பதிவோடு அதே கருவியில் பதியும். இதைச் செய்யாமல் ஒரு ஃபிரேம் நழுவினால், 50 மில்லிநொடித் தாமதத்தை அளக்கும் இடத்தில் மூன்றில் ஒரு பங்கு பிழை உட்கார்ந்துவிடும். எந்தப் புள்ளியியலாலும் அதைப் பிறகு எடுக்க முடியாது.

சுண்டெலிக்கு வருவோம். மரபணுக் கருவிகள் கொட்டிக் கிடப்பது இங்கேதான். 3 முதல் 5 மில்லிமீட்டர் அகலத்தில் மண்டையோட்டைத் திறந்து கண்ணாடி மூடி, ஜிகேம்ப் என்ற கால்சியம் உணர் புரதத்தை வைரஸ் வழியாகச் செலுத்தினால், இரண்டு மூன்று வாரத்தில் நூற்றுக்கணக்கான நியூரான்கள் இரட்டை ஃபோட்டான் நுண்ணோக்கியில் ஒரே நேரத்தில் மினுங்கும். எந்தச் செல் எந்த வகை என்று நிறத்தால் பிரிக்கலாம். ஒரு வகையை மட்டும் ஒளியால் அணைக்கலாம். சுற்றமைப்பு எப்படி இயங்குகிறது என்பதுதான் கேள்வி என்றால் சுண்டெலிக்கு மாற்று இல்லை.

முகக் கேள்விக்கு மட்டும் இதை எடுக்காதீர்கள். சுண்டெலியின் பார்வைக் கூர்மை ஒரு பாகைக்கு அரைச் சுழற்சி அளவுதான் (அடுத்தடுத்த ஒரு கறுப்புக் கோடும் ஒரு வெள்ளைக் கோடும் சேர்ந்தது ஒரு சுழற்சி). நல்ல மனிதக் கண்ணுக்கு 30க்கு மேல். கண்ணை நாட்டிக் கூர்ந்து பார்ப்பதற்கான குழிவும் அதன் விழித்திரையில் கிடையாது. நாகரிகமான நுட்பம் என்பதற்காக, முகத்தையும் பொருள்களையும் அடையாளம் காணும் ஆராய்ச்சிக்குச் சுண்டெலியைப் பிடிப்பது, ராகம் பிரித்தறியும் ஆய்வுக்கு மிருதங்கத்தை எடுத்துக்கொள்வது மாதிரி.

சுண்டெலியில் சறுக்கும் இடங்கள் தெரிந்தவைதான், ஆனாலும் புதியவர்கள் தவறாமல் மாட்டுகிறார்கள். திரையின் ஒளி நுண்ணோக்கியின் உணரிக்குள் கசிந்து, படம் மின்னும்போதெல்லாம் எல்லா நியூரானும் 'வினைபுரியும்'. லென்சைச் சுற்றிக் கறுப்புக் கூம்பு கட்டினால் நிற்கும். மூளை பக்கவாட்டில் அசைந்தால் மென்பொருள் திருத்திவிடும். மேலும் கீழுமாக அசைந்தால் செல்லே குவியத்தைவிட்டுப் போய்விடும், திருத்த வழியில்லை. ஜிகேம்ப் அளவுக்கு மீறிச் சேர்ந்தால் செல்லின் உட்கருவும் நிரம்பிப் பளிச்சென்று தெரியும்; அந்தச் செல் நோயுற்றது, கணக்கில் சேர்க்கக் கூடாது. வி1 செல்களின் துடிப்பு, சுண்டெலி ஓடும்போது ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்று 2010இல் நீலும் ஸ்ட்ரைக்கரும் காட்டினார்கள். ஓட்டத்தைப் பதிவு செய்யாவிட்டால், ஓட்டத்தால் வந்ததைப் படத்தின் விளைவு என்று எழுதிவிடுவோம். சுண்டெலி விழித்திரையின் கீழ்ப்பாதி புற ஊதாவுக்குக் கூர்மையானது. கடையில் வாங்கும் திரை புற ஊதாவைத் தராது.

மனிதர் ஸ்கேனர் வழியில் அறுவை இல்லை, ஆறு மாதத்தில் தரவு கைக்கு வந்துவிடும். தொல்லை பகுப்பாய்வில். பங்கேற்பவர் உள்ளே தூங்கிவிடுவார், தலையை அரை மில்லிமீட்டர் நகர்த்துவார். இவற்றை ஓரளவு சரிக்கட்டலாம். ஆயிரக்கணக்கான கனசதுரங்களில் தனித்தனியே சோதனை நடத்தும்போது தற்செயலாகவே சில 'ஒளிரும்'. 2009இல் ஒரு குழு செத்த சால்மன் மீனை ஸ்கேனரில் வைத்து, மனிதர்களின் படங்களைக் காட்டி, பல சோதனைகளை ஒன்றாக நடத்துவதற்கான புள்ளியியல் திருத்தத்தைச் செய்யாவிட்டால் அதன் மூளையிலும் 'செயல்பாடு' தெரிகிறது என்று நிரூபித்தது. 2012இல் அதற்கு, சிரிக்க வைத்துப் பிறகு சிந்திக்க வைக்கும் ஆய்வுகளுக்கான இக் நோபல் பரிசு கிடைத்தது. சிரித்துவிட்டு விடுவதற்கில்லை: ஒரே தரவில் பகுதியைத் தேர்ந்து அதே தரவில் விளைவையும் அளப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஆய்வுத்துறைக்கு வெளியே வேலை தேடும்போது மட்டும் இந்தப் புள்ளியியல் பயிற்சி நன்றாகக் கைகொடுக்கும்.

நான்காவது வழியான சைக்கோஃபிசிக்ஸை, அதாவது ஒருவரைத் திரைக்கு முன்னால் உட்கார வைத்து அவருக்கு என்ன தெரிகிறது என்று அளப்பதை, மலிவானது என்பதாலேயே பலர் கீழாகப் பார்க்கிறார்கள். அது தவறு. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து கேம்பிரிட்ஜ் போன வி. எஸ். ராமச்சந்திரன் வெறும் நிழலிட்ட வட்டங்களை வைத்தே பெரிய விஷயம் சொன்னார்: மேல்பக்கம் வெளுத்த வட்டம் புடைத்தும் கீழ்ப்பக்கம் வெளுத்த வட்டம் குழிந்தும் தெரியும். வெளிச்சம் மேலிருந்துதான் வரும் என்று மூளை எடுத்துக்கொள்கிறது. காகிதத்தைத் தலைகீழாகத் திருப்பினால் குழியும் மேடும் இடம் மாறும்.

இதற்கு வேண்டியது கணினி, நல்ல திரை, தாடை தாங்கி, ஒளி அளவி. திரையிலிருந்து 57 சென்டிமீட்டரில் உட்கார வைத்தால் திரையின் 1 சென்டிமீட்டர் ஏறக்குறைய 1 பாகை, கணக்கு எளிது. மாட்டும் இடம் திரையின் சாம்பல் படிகள். சாதாரணத் திரைக்கு 256 படிகள். நடுச் சாம்பலிலிருந்து ஒரு படி ஏற்றி இறக்கினாலே சுமார் 0.8 விழுக்காடு மாறுபாடு வந்துவிடும்; மனிதக் கண் அதைவிடக் குறைந்ததையும் பிடிக்கும். திரைக்குக் கொடுக்கும் எண்ணும் அது தரும் ஒளியும் நேர்விகிதத்தில் இருக்கும்படி சரிசெய்யும் காமா திருத்தத்தைச் செய்யாமல், கண்ணுக்குத் தெரியும் மிகக் குறைந்த மாறுபாடான வாசல் அளவை எழுதினால், அது கண்ணைப் பற்றிய எண்ணே அல்ல, திரையைப் பற்றியது.

ஆக, இந்தியாவில் தொடங்குகிறவருக்கு என் கணிப்பு: முதல் ஈராண்டு சைக்கோஃபிசிக்ஸும் நிரலாக்கமும், தனிச் செல் இல்லாமல் கேள்வி நகராது என்ற நிலை வந்தால் குரங்கு. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் குரங்கிலும் மனிதரிலும் பார்வையை ஆராயும் குழுக்கள் உண்டு என்பதால் நாட்டைவிட்டுப் போகாமலே இரண்டையும் தொட்டுப் பார்க்கலாம். 2023 ஜனவரியிலிருந்து இளநிலை ஆய்வு உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய், முதுநிலைக்கு 42,000. பட்டத்துக்குப் பின் இன்னும் சில ஆண்டு போஸ்ட்டாக் என்ற தற்காலிக ஆய்வுப் பணி இருக்கும் என்பதையும் வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

ஆய்வகத்தைப் பார்க்கப் போகும்போது பேராசிரியரிடம் கேட்பதைவிட மூன்றாமாண்டு மாணவரிடம் கேளுங்கள்: கடைசியாக எப்போது பயன்படுத்தக்கூடிய பதிவு கிடைத்தது? இரண்டாவது குரங்கு எந்தக் கட்டத்தில் இருக்கிறது? திரையின் எந்த மூலையில் ஃபோட்டோடையோடு ஒட்டியிருக்கிறது? கடைசிக் கேள்விக்கு அவர் யோசித்துப் பதில் சொன்னால், அடுத்த ஆய்வகத்துக்கும் விண்ணப்பம் போட்டுவையுங்கள்.