அட்வெர்ப் கிளாஸ் ரிவ்யூ: 16 வருஷம் ஓட்டிய பிறகு

"வென், இஃப், சின்ஸ் எல்லாம் மெயில்ல தப்பே இல்லாம எப்படிங்ணா போடறீங்க?" என்று பக்கத்து டேபிள் தம்பி போன வாரம் கேட்டான். தப்பே இல்லாமலாம்! திருப்பூரில் ஆடை ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசராக 16 வருஷமாய், ஆர்டர் கொடுக்கும் பையர்களுக்கு மெயில் அடித்துக்கொண்டிருக்கிறேன், இன்னும் அடி வாங்குகிறேன்.

அட்வெர்ப் கிளாஸ் என்றால் வென், இஃப், சின்ஸ் மாதிரி வார்த்தையில் ஆரம்பிக்கும் வாக்கியத் துண்டு. எப்போது, ஏன், என்ன நிபந்தனை என்று சொல்லும், வாக்கியத்தில் முன்னால் வந்தால் கமா போடணும். இதெல்லாம் பள்ளிக்கூடத்துப் பாடம். என் வழக்கு 'வில்' மேல்.

சேர்ந்த புதிதில் 'வென் வி வில் கெட் தி அப்ரூவல், வி வில் ஸ்டார்ட் கட்டிங்' என்று எழுதினேன். மேனேஜர் முதல் வில்லை அடித்தார். இனிமேல்தானே சார் வரப்போகுது என்றேன். "வென்னுக்கு அப்புறம் வில் வராதுப்பா." மனப்பாடம் செய்துகொண்டேன். ரெண்டே நாளில் ஃபேப்ரிக் எப்போது வரும் என்று தெரியவில்லை என்பதை வில் இல்லாமல் எழுதிக் காட்டினால், அதே மனுஷர், "வில் போடுப்பா, 'வி டோன்ட் நோ வென் இட் வில் கம்'" என்கிறார். 'நோ'வுக்குச் செயப்படுபொருளாக நின்றால் அது பெயர்ச்சொல் வேலை பார்க்கும் நவுன் கிளாஸாம், அங்கே வில் வரலாமாம். ஒரே வென்னுக்கு ரெண்டு சட்டம். இஃப்பும் அப்படியே. போதாததற்கு, தயவுசெய்து என்ற பாவனையில் 'இஃப் யூ வில் சைன் ஹியர்' என்றால் அதுவும் சரியாம். எரிச்சல் வருமா வராதா?

கைகொடுத்தது நம்ம தமிழ்தான். 'அப்ரூவல் வந்ததும் ஆரம்பிப்போம்' என்கிறோம். இன்னும் வராத அப்ரூவலை 'வந்த' என்று சொல்லிவிட்டு இங்கிலீஷைக் குறை சொல்கிறேன்! அவர்களாவது நிகழ்காலத்தோடு நின்றார்கள், நாம் இறந்தகாலத்துக்கே போய்விட்டோம். அன்றிலிருந்து மனசுக்குள் தமிழில் சொல்லிப் பார்ப்பேன். வந்ததும், வந்தால், வரும்போது என்று வந்தால் வில் கிடையாது. 'எப்போது வரும் என்று', 'வருமா என்று' என வந்தால் தாராளமாக வில். இத்தனை வருஷத்தில் இது என்னைக் கைவிட்டதே இல்லை.

அன்டிலில் மட்டும் அதே தமிழ் கவிழ்த்துவிடும். 'அப்ரூவல் வராத வரைக்கும்' என்று நினைத்து 'அன்டில் வி டோன்ட் கெட்' என்று எழுதித் தொலைப்போம். டோன்ட்டை எடுத்துவிடுங்கள்.

நாலு ஸ்டார் கொடுக்கத்தான் உட்கார்ந்தேன். நேற்று ராத்திரி ஒன்பது மணிக்கு, 'சின்ஸ் வி சேஞ்ச்ட் தி டையிங் யூனிட், வி ஹேவ் ஹேட் ஃபியூவர் ஷேட் கம்ப்ளைன்ட்ஸ்' என்று அனுப்பினேன். சாயப்பட்டறையை மாற்றியதால் சாய நிறம் பற்றிய புகார் குறைந்தது என்ற அர்த்தத்தில். எந்தத் தேதியிலிருந்து என்று கேட்டு பையரிடமிருந்து பதில். மாற்றியதிலிருந்து என்று படித்திருக்கிறார். அப்படியும் படிக்கலாம், தப்பு அவர் மேல் இல்லை.

ரெண்டு ஸ்டார். பதில் மெயிலை ரெண்டு தனி வாக்கியமாக உடைத்து, நடுவில் புல்ஸ்டாப் வைத்து அனுப்பிவிட்டு வீட்டுக்குக் கிளம்பினேன்.