முதல் ஆர்சி விமானம்: ஜைரோ குட்டியா, பின் மோட்டார் ட்ரெய்னரா, கையால் வெட்டியதா?

அக்கா மகன் ஓமலூரிலிருந்து போன் செய்து, "மாமா, மஸ்டாங் ஒண்ணு பார்த்து வச்சிருக்கேன், வாங்கிடவா?" என்று கேட்டான். இரண்டாம் உலகப் போர் விமானத்தின் மாதிரி, ரிமோட்டால் பறக்கும் ஆர்சி விமானம். பார்க்க அவ்வளவு அழகு. ஆனாலும் வேண்டாம் என்றேன். அதன் இறக்கை உடம்புக்குக் கீழே இருக்கும், எடைக்குச் சின்னதாகவும் இருக்கும். வேகமாகப் போனால்தான் காற்றில் நிற்கும். திரும்பும்போது வேகம் கொஞ்சம் குறைந்தால் போதும், ஒரு பக்க இறக்கை சட்டென்று சாய்ந்து குப்புற விழும். முதல் விமானமாக மஸ்டாங் வாங்கி, முதல் நாளே அதைத் துண்டு துண்டாகப் பையில் அள்ளிக்கொண்டு போனவர்களைப் பார்த்திருக்கிறேன். ஜெட் மாதிரிகளுக்கும் இதே பதில்தான். மூக்கை ஏற்றி இறக்கும் வால் பட்டையான எலிவேட்டரே இல்லாமல் இரண்டு மோட்டாரின் வேகத்தை மாற்றியே திரும்புகிற மலிவு பொம்மை விமானங்களும் வேண்டாம். குழந்தைகள் விளையாடலாம், ஓட்டப் பழக முடியாது.

சரி, அப்புறம் எதைத்தான் வாங்குவது? மூன்று வழி இருக்கிறது. ஜைரோ என்கிற, சாய்வைத் தானே சரி செய்யும் கருவி வைத்த குட்டி விமானம், மோட்டார் முதுகில் இருக்கும் ஃபோம் ட்ரெய்னர் (பழகுவதற்கான விமானம்), ஃபோம் போர்டில் நாமே வெட்டி ஒட்டுவது. மூன்றையும் நான் ஒரே கேள்வி வைத்துத்தான் பார்க்கிறேன்: இந்த ஞாயிறு விழுந்தால் அடுத்த ஞாயிறு மறுபடி பறக்குமா? ஆரம்பத்தில் எல்லோருடையதும் விழும். விழுந்ததைச் சரி செய்ய ஒரு மாதம் ஆனால், அந்த ஒரு மாதத்தில் கை கற்றதெல்லாம் மறந்துவிடும்.

குட்டி விமானத்தை முதலில் பார்ப்போம். வோலன்டெக்ஸ் ஸ்போர்ட் கப் 500 இந்த வகைக்கு நல்ல உதாரணம். இறக்கையின் மொத்த நீளமே 50 செ.மீ.தான். ரிமோட், பேட்டரி எல்லாம் பெட்டியிலேயே வரும். உள்ளே இருக்கும் ஜைரோ விமானம் அளவுக்கு மேல் சாயாமல் பிடித்துக்கொள்கிறது. பயந்துபோய் ரிமோட்டின் குச்சிகளை விட்டுவிட்டால் தானே நேராகும். பள்ளி மைதானம் அளவு இடம் போதும். பத்து வயதுப் பிள்ளைக்கு வாங்குவதென்றால் யோசிக்காமல் இதைத்தான் சொல்வேன்.

குறை காற்றில் இருக்கிறது. இவ்வளவு எடை குறைந்த விமானத்தைச் சேலத்தின் ஆடிக்காற்றில் பெட்டியை விட்டு வெளியே எடுக்கவே வேண்டாம். மற்ற மாதங்களிலும் காலை எட்டு மணிக்குள் முடித்துக்கொள்வது நல்லது. கொஞ்சம் தள்ளிப் போனாலே சிட்டுக்குருவி மாதிரி ஆகிவிடும், எந்தப் பக்கம் பார்த்துப் பறக்கிறது என்றே தெரியாது. பழுதானால் இன்னும் சிக்கல். இந்த அளவு விமானங்களில் ரிமோட்டின் சிக்னலை வாங்கும் ரிசீவர், ஜைரோ எல்லாம் பெரும்பாலும் ஒரே சர்க்யூட் போர்டில் இருக்கும். அது போனால் வெளியிலிருந்து வரவழைக்க வேண்டியதுதான், உள்ளூரில் யாரும் தொட மாட்டார்கள். கூட வரும் ரிமோட்டும் பெரும்பாலும் அடுத்த விமானத்துக்கு உதவாது. ஜைரோவை எப்போதும் முழுக்கப் போட்டுக்கொண்டே ஓட்டினால் கையும் கற்காது. இரண்டு வாரத்தில் அடுத்த நிலைக்கு மாற்றிவிட வேண்டும்.

இரண்டாவது வகை, பறப்பதில் மற்ற இரண்டையும் விட மேல். பிக்ஸ்லர், ஈஸிஸ்டார், ஏரோஸ்கவுட் எல்லாம் இந்த இனம். இறக்கை மேலே இருக்கும். மோட்டாரும் ப்ரொப்பெல்லரும் இறக்கைக்குப் பின்னால், முதுகின் மேல். ஏரோஸ்கவுட்டுக்கு இறக்கை 1.1 மீட்டர், பிக்ஸ்லர் 2-க்கு ஒன்றரை மீட்டர். மோட்டாரை அணைத்தாலும் கல் மாதிரி விழாமல் மெதுவாக மிதந்து இறங்கும். பழகுகிறவருக்கு யோசிக்க நேரம் கிடைப்பதுதான் பெரிய விஷயம், அதை இந்த வகை தாராளமாகத் தருகிறது.

விழும்போது மூக்குதான் முதலில் தரையில் குத்தும். அங்கே வெறும் ஃபோம்தான், ப்ரொப்பெல்லர் தப்பித்துவிடும். அந்த ஃபோம் ஈபிஓ என்கிற வகை. நசுங்கிய மூக்கின் மேல் கொதிக்கும் தண்ணீரை மெதுவாக ஊற்றினால் கண் முன்னே உப்பிக்கொண்டு வரும். பழைய வடிவம் முழுதாக வராது, பறக்கப் போதுமான அளவு வரும். உடைந்த இடத்தை ஃபெவிக்விக் போட்டே ஒட்டலாம். வெள்ளைத் தெர்மாகோலில் மட்டும் அதைத் தொட்டுவிடக் கூடாது, கரைத்துக் குழியாக்கிவிடும்.

இதே அளவில், மூக்கில் மோட்டாரும் கீழே சக்கரமும் உள்ள அப்ரென்டிஸ் மாதிரி ட்ரெய்னர்களும் உண்டு. நல்ல தார் ஓடுதளம் இருக்கிற ஊரில் அவையும் அருமைதான். நமக்குக் கிடைப்பதோ அறுவடை முடிந்த கடலைக்காடும் சோளக்காடும். சக்கரம் சாலில் மாட்டி விமானம் குட்டிக்கரணம் அடிக்கும். வயிற்றால் வழுக்கி இறங்குகிற பின் மோட்டார் விமானம்தான் நம் மண்ணுக்குச் சரி. கையால் எறிந்து ஏற்றும்போது மட்டும் கவனம் வேண்டும். ப்ரொப்பெல்லர் கைக்குப் பின்னால் சுற்றுவதால், எறிந்து கை விலகிய பிறகே த்ராட்டிலை, அதாவது மோட்டார் வேகத்தைக் கூட்ட வேண்டும். கூட ஒருவர் இருந்து எறிந்து கொடுத்தால் நல்லது.

வால் முழுசாக முறிந்தாலோ இறக்கையின் பாதி போனாலோ, இதற்கும் உதிரி பாகம் வரக் காத்திருக்க வேண்டும். சித்திரை வெயிலில் மூடிய காருக்குள் விட்டால் ஃபோம் கொப்புளம் போடும், இறக்கை வளையும். இவற்றில் போடும் லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரிக்கு அந்தச் சூடு இன்னும் ஆபத்து.

மூன்றாவது வழியைத்தான் மருமகனுக்குச் சொன்னேன். கல்லூரி விடுமுறை, கத்தி பிடிக்கத் தெரிந்த கை, பொறுமை மூன்றும் அவனிடம் இருந்தன. இரு பக்கமும் காகிதம் ஒட்டிய 5 மி.மீ. ஃபோம் போர்டு ஸ்டேஷனரி கடையிலேயே கிடைக்கும். அமெரிக்காவில் ஒஹாயோவைச் சேர்ந்த ஃப்ளைட் டெஸ்ட் குழு பல விமானங்களுக்கு வெட்டும் பிளான்களை இலவசமாகவே தருகிறது. அவர்களுடைய டைனி ட்ரெய்னருக்கு இரண்டு இறக்கை உண்டு. ஒன்று நுனிகள் மேல்நோக்கி வளைந்தது, ரட்டர் என்கிற வால் சுக்கான் ஒன்றை வைத்தே திரும்பும். மற்றது ஐலரான், அதாவது விமானத்தைச் சாய்க்கும் இறக்கைப் பட்டைகள் வைத்தது, பழகிய பிறகு மாட்டிக்கொள்ள. அந்த யோசனையை எடுத்துக்கொண்டு கொஞ்சம் பெரிதாக, ஒரு மீட்டர் இறக்கையோடு வெட்டினோம்.

சாமான்கள் எல்லாம் சாதாரணம்: ஏ2212 மோட்டார், மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் 30 ஆம்பியர் ஈஎஸ்சி, பட்டைகளை அசைக்கும் குட்டி மோட்டாரான எஸ்ஜி90 சர்வோ இரண்டு, மூன்று செல் 2200 எம்ஏஎச் லிப்போ, ஃப்ளைஸ்கை ஐ6 ரிமோட். இவற்றில் எதுவும் விமானத்தோடு சாவதில்லை. உடம்பு நொறுங்கினாலும் பிரித்தெடுத்து அடுத்ததில் மாட்டலாம்.

எடையைச் சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தோம், 650 கிராம். இறக்கையின் அகலம் 20 செ.மீ., நீளம் 100 செ.மீ., அதாவது 20 சதுர டெசிமீட்டர். வகுத்தால் ஒரு சதுர டெசிமீட்டருக்கு 32.5 கிராம் சுமை. பழகுகிறவருக்கு முப்பதை ஒட்டி இருந்தால் நிம்மதி. கனமான போர்டில் வெட்டினால் இந்தக் கணக்கு ஏறிவிடும், வாங்கும்போதே இரண்டு மூன்றைக் கையில் தூக்கிப் பாருங்கள். அப்புறம் இறக்கையின் முன் ஓரத்திலிருந்து ஐந்து, ஆறு செ.மீ. தள்ளி இரண்டு விரல் நுனியில் தூக்கிப் பார்க்க வேண்டும். விமானம் மட்டமாகவோ மூக்கு லேசாகத் தாழ்ந்தோ நிற்க வேண்டும். வால் தாழ்ந்தால் பேட்டரியை முன்னால் தள்ளாமல் பறக்க விடவே கூடாது.

இந்த வழியின் பெரிய குறையை மறைக்க மாட்டேன். விமானம் கோணலாகப் போனால், தப்பு இறக்கையிலா கையிலா என்று புதியவருக்குத் தெரியாது. அதனால் முதல் பறப்பை ஓட்டத் தெரிந்த ஒருவர் செய்து, குச்சியைத் தொடாமலே நேராகப் போகும்படி ட்ரிம் சரி செய்து கொடுக்க வேண்டும். அப்படி யாரும் இல்லையென்றால், பணம் கூடப் போனாலும் பின் மோட்டார் ட்ரெய்னரே வாங்குங்கள். மார்கழிப் பனியில் நனைந்த புல்லில் இறக்கினால் போர்டின் காகிதம் உரிந்து வரும், அதுவும் உண்டு.

எங்கே பறக்கவிடுவது என்பதும் தேர்வில் சேர்ந்ததுதான். 2021 ட்ரோன் விதிகள் இந்த மாதிரி ஆளில்லாத விமானங்களுக்கும் பொருந்தும். விமான நிலைய எல்லையிலிருந்து 8 கி.மீ.க்குள் அனுமதியில்லாமல் ஏற்றக் கூடாது. 8 முதல் 12 கி.மீ. வரை 200 அடி, அதற்கு அப்பால் பச்சைப் பகுதியில், அதாவது முன் அனுமதி தேவைப்படாத இடத்தில், 400 அடி வரை போகலாம். காமலாபுரம் விமான நிலையம் பக்கத்திலேயே இருப்பதால் ஓமலூரில் வீட்டு மாடியிலிருந்து குட்டி விமானம்கூட விட முடியாது. அரசின் டிஜிட்டல் ஸ்கை இணைய வரைபடத்தில் உங்கள் இடம் என்ன நிறம் என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். நாங்கள் அயோத்தியாபட்டணம் தாண்டிப் போகிறோம், தெரிந்தவர் காடு.

ஏற்காட்டில் விடலாமே என்று பலர் கேட்கிறார்கள். பழகும் காலத்தில் வேண்டாம். சுமார் 1500 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஏறக்குறைய 14 சதவீதம் குறைவு. அதே விமானம் அங்கே ஏறக்குறைய 8 சதவீதம் வேகமாகப் போனால்தான் நிற்கும், இறங்கும்போதும் அதே வேகம். ப்ரொப்பெல்லரின் இழுவையும் குறையும். சரிவில் காற்று எப்படிப் புரளும் என்று சொல்ல முடியாது. கீழே காப்பித் தோட்டம், மேலே சில்வர் ஓக் மரங்கள். மாட்டினால் எடுக்க முடியாது.

முதல் நாள் மருமகன் கையில் ரிமோட்டைக் கொடுத்தபோது, போகும்வரை நன்றாகவே போனது. திரும்பி எங்களை நோக்கி வந்ததும் இடது வலது மாறிப்போய் எதிர்ப்பக்கம் தள்ளினான். "தாழ்ந்த இறக்கை எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் தள்ளுடா" என்று நான் கத்தி முடிப்பதற்குள் கடலைக்காட்டில் குத்தி நின்றது. இறக்கை நடுவில் முறிந்திருந்தது. ரப்பர் பேண்டில் கட்டியிருந்ததால் உடம்புக்கு ஒன்றும் ஆகவில்லை. வரப்பில் உட்கார்ந்து மூங்கில் குச்சி வைத்து பிரவுன் டேப் சுற்றினோம், அன்றைக்கே இன்னும் இரண்டு பேட்டரி தீரும்வரை பறந்தது. அன்று சாயங்காலமே வீட்டில் புது இறக்கை வெட்டிவிட்டான். இப்போது மாட்டியிருப்பது மூன்றாவது. ஐலரான் வைத்த நாலாவது, பசை காய்ந்து பீரோ மேலே இருக்கிறது.