ரெகுலேட்டரையும் கைவிட்டேன், ஏழு நாளையும் கோட்டைவிட்டேன்

ஸ்கூபா சாமானோடு (சிலிண்டர் காற்றைச் சுவாசித்துக் கடலுக்கடியில் மூழ்க உதவும் கருவிகள்) விமானம் ஏறப் போகிறவர்கள் இதை ஒருமுறை படித்துவிட்டுப் பையை மூடுங்கள். "டைவிங் சாமான்தானே, தனிக் கணக்கில் பத்து கிலோ வரை சும்மா போகும்" என்று யாராவது வாயால் சொல்லியிருந்தால் கட்டாயம் படியுங்கள்.

எனக்கு அப்படிச் சொன்னவர் டிக்கெட் போட்டுக் கொடுத்த ஏஜென்ட். சந்தேகம் தீர விமான நிறுவனத்தின் உதவி எண்ணுக்கும் போன் போட்டேன். "ஆமாம் சார், விளையாட்டுச் சாமானுக்குச் சலுகை உண்டு" என்றார்கள். மெயிலில் ஒரு வரி அனுப்பச் சொல்லிக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அது என் தப்பு.

பிசிடி (நீரில் மிதப்பைச் சரிசெய்யும் காற்றுச் சட்டை), ஃபின் (காலில் மாட்டும் துடுப்பு), வெட்சூட் (உடல் சூட்டைக் காக்கும் நீர் உடை), பூட்ஸ், கத்தி எல்லாம் பெரிய பையில் போயின. ரெகுலேட்டர் (சிலிண்டர் காற்றை வாய்க்குத் தரும் மூச்சுக் கருவி), டைவ் கம்ப்யூட்டர் (ஆழமும் நேரமும் காட்டுவது), மாஸ்க், டார்ச் நான்கும் கைப்பையில். டைவர்கள் பலரும் இப்படித்தான் பிரிப்பார்கள். ஃபினோ பிசிடியோ வந்து சேராவிட்டால் போகிற இடத்தில் வாடகைக்கு எடுத்துச் சமாளிக்கலாம். வருடா வருடம் சர்வீஸ் செய்து, வாய்க்குப் பழகிப்போன ரெகுலேட்டரை விட்டுவிட்டு, யாரோ கடித்த மவுத்பீஸைக் கவ்விக்கொண்டு 25 மீட்டர் ஆழம் இறங்க எனக்கு மனம் வராது.

கவுண்டரில் பெரிய பை 31 கிலோ காட்டியது. டிக்கெட்டில் இருந்தது 23. சலுகை என்று வாயைத் திறந்தேன். திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே "இந்த டிக்கெட்டுக்கு அது கிடையாது" என்றார் ஊழியர். எட்டு கிலோவுக்கும் பணம் கட்டினேன். சரி, தொலையட்டும் என்று நகரப் பார்த்தால், கைப்பையைத் தராசில் வைக்கச் சொன்னார். அனுமதி 7 கிலோ, இருந்தது 9. "இதுவும் கீழே போடணும் சார்."

உள்ளே இருப்பது மூச்சுக் கருவி, அடிபட்டால் ஆபத்து என்று சொல்லிப் பார்த்தேன். "அப்போ இதில் ஒரு கையெழுத்து" என்று பையில் கட்டும் பட்டையை நீட்டினார். எறும்பு சைஸ் எழுத்தில், பொருள் உடையக்கூடியது, பொதிந்த விதம் சரியில்லை என்று இரண்டு கட்டங்களில் ஏற்கெனவே டிக் அடித்திருந்தது. பையை அவர் திறந்துகூடப் பார்க்கவில்லை. பின்னால் வரிசை முணுமுணுக்க, போட்டுக் கொடுத்துவிட்டேன்.

டார்ச்சுக்கான உபரி லித்தியம் பேட்டரிகளும் அந்தப் பைக்குள்தான் இருந்தன. உபரி பேட்டரி பயணியோடு மேலேதான் போக வேண்டும், சரக்கறைக்குப் போகக் கூடாது. கைப்பையைப் பிடுங்கும் ஊழியர் முதலில் கேட்க வேண்டிய கேள்வியே அதுதான். அவர் கேட்கவில்லை. நானே நினைவு வந்து, பையைத் திறந்து எடுத்துக்கொண்டேன். இரண்டு கிலோவில் காட்டிய கறாரை இதில் காட்டியிருக்கலாம்.

இறங்கிய ஊரில் பெல்ட்டில் பை வந்தபோது ஜிப் பாதி திறந்து, ரெகுலேட்டரின் காற்றுக் குழாயான ஹோஸ் ஒன்று பல்லி வால் மாதிரி வெளியே தொங்கியது. நின்று எல்லாவற்றையும் சோதித்திருக்க வேண்டும். அசதியில் வண்டி ஏறிவிட்டேன். மறுநாள் காலை சிலிண்டரில் மாட்டி வால்வைத் திறந்ததும், வாயில் வைக்கும் பகுதியான செகண்ட் ஸ்டேஜிலிருந்து நிற்காமல் 'ஸ்ஸ்ஸ்' என்று காற்று. வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தால், அழுத்தினால் காற்று பீய்ச்சும் பர்ஜ் பட்டனுக்குப் பக்கத்தில் மயிரிழை போல ஒரு விரிசல். சிலிண்டரில் மாட்டும் பகுதியான ஃபர்ஸ்ட் ஸ்டேஜின் தூசி மூடியைக் காணோம். அதைச் சிலிண்டரோடு இறுக்கும் யோக் திருகும் கோணிக்கொண்டு, சிரமப்பட்டுத்தான் திரும்பியது. அந்தப் பயணம் முழுக்க வாடகை ரெகுலேட்டர்தான்.

இதுவரைக்கும் அலட்சியம் என்று சொல்லி விட்டுவிடலாம். ஏமாற்று இனிமேல்தான்.

அன்றைக்கே உதவி எண்ணுக்கு அழைத்தேன். பரிவாகப் பேசினார்கள், ஒரு எண் கொடுத்தார்கள். "பத்து வேலை நாளில் எங்கள் குழு உங்களை அழைக்கும், அதுவரை நீங்கள் எதுவும் செய்ய வேண்டாம்." நம்பிக் காத்திருந்தேன். பதினோராம் நாள் மெயில் வந்தது: எழுத்துப்பூர்வமான புகார் ஏழு நாளுக்குள் வரவில்லை, ஆகவே பரிசீலிக்க இயலாது.

அப்புறம்தான் உட்கார்ந்து 1999ஆம் ஆண்டின் மான்ட்ரியல் ஒப்பந்தத்தைப் படித்தேன். பெரும்பாலான நாடுகள் சேர்ந்திருக்கும் இது, சர்வதேசப் பயணங்களுக்குப் பொருந்தும். அதன் 31ஆம் பிரிவுப்படி, செக்-இன் பை சேதமானால் கைக்கு வந்த நாளிலிருந்து ஏழு நாளுக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும். பை தாமதமாக வந்தால் 21 நாள். போனில் எத்தனை முறை அழுதாலும் கணக்கில் வராது. கெடுவுக்குள் எழுதியிருந்தால் 1,519 எஸ்டிஆர் வரை கேட்டிருக்கலாம். எஸ்டிஆர் என்பது சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு. இந்த வரம்பு 2024 டிசம்பர் 28 முதல் நடப்பில் இருக்கிறது. பட்டையில் கையெழுத்துப் போட்டதாலேயே எல்லாம் போச்சு என்றும் இல்லை. பொறுப்பிலிருந்து நிறுவனத்தை விடுவிக்கும் எந்த ஷரத்தும் செல்லாது என்கிறது 26ஆம் பிரிவு. ஆனால் பொருளின் சொந்தக் குறையால் வந்த சேதம் என்று வாதாட அந்த டிக் அவர்களுக்கு உதவும். கையெழுத்துக்கு முன் பையைத் திறந்து காட்டி, பொதிந்திருப்பதைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ஏழு நாளுக்குள் எழுது என்று போனில் பேசிய ஒருவரும் என்னிடம் சொல்லவில்லை. அவர்களுக்குத் தெரியாது என்று நம்ப நான் தயாராக இல்லை.

இப்போதெல்லாம் ரெகுலேட்டர் மட்டும் ஒரு சின்னத் தோள்பையில். எடைக்குத் தனியாகப் போட்டாலும் 7 கிலோவுக்கு ரொம்பக் கீழே நிற்கும். ஹோஸ்களைப் பெரிய வளையமாகச் சுற்றுகிறேன். உலோக முனையை ஒட்டி மடங்கினால் அங்கேதான் முதலில் வெடிப்பு விடும். கனமான டார்ச் பெரிய பைக்குப் போய்விட்டது, பேட்டரியைக் கழற்றிவிட்டுத்தான். டைவிங் விளக்குகள் கடும் சூடு தருபவை என்பதால் நிறுவனத்தின் முன் அனுமதியும் வேண்டும். அதை மெயிலில் வாங்கி அச்செடுத்து வைத்துக்கொள்கிறேன். பேட்டரி முனைகளில் டேப் ஒட்டி என்னோடு எடுத்துப் போகிறேன். பேட்டரியின் ஆற்றல் அளவு 100 வாட்-மணி வரை என்றால் தனியாகக் கேட்க வேண்டியதில்லை. அதற்கு மேல் 160 வரை நிறுவனம் சம்மதித்தால்தான், அதுவும் உபரி இரண்டுதான். வோல்ட்டை ஆம்பியர்-மணியால் பெருக்கினால் கணக்கு வந்துவிடும். பெரிய பையில் ஃபின் இரண்டும் பக்கச் சுவர், நடுவில் பிசிடி, இடுக்குகளில் வெட்சூட். கத்தி உறையோடு அங்கேதான். சிலிண்டரையும், மூழ்குவதற்கு இடுப்பில் கட்டும் ஈய எடைகளையும் சுமக்க நினைக்காதீர்கள், போகிற இடத்தில் கிடைக்கும்.

பழுது பார்த்த ரசீது என் கையில், மறுப்பு மெயில் இன்பாக்ஸில். போன வாரம் அதே நிறுவனத்திடமிருந்து இன்னொரு மெயில்: "உங்கள் பயண அனுபவம் எப்படி இருந்தது?" பதிலை எழுத்திலேயே, அன்றைக்கே அனுப்பிவிட்டேன்.