ஆறு நாள் தாமதமும் சுங்கை சிப்புட் தையற்கடையும்

சிலியின் தென்கோடியிலுள்ள புந்தா அரினாஸ் நகரிலிருந்து அண்டார்டிகாவின் கிங் ஜார்ஜ் தீவுக்கு விமானத்தில் போக நினைப்பவர்கள், நாள் தள்ளிப்போகக்கூடும் என்று முன்கூட்டியே மனத்தைத் தயார்செய்துகொள்ள வேண்டும். டிரேக் நீரிணையைக் கடக்க ஏறத்தாழ இரண்டு மணி நேரம்தான் ஆகும் என்றாலும், அத்தீவின் சரளைக்கல் ஓடுபாதையில் மூடுபனி கவிந்துவிட்டால் விமானம் இறங்க வழியில்லை. முன்னே போன குழு திரும்ப முடியாமல் அங்கே நின்றால், பின்னால் வருகிறவர்களும் நிற்க வேண்டியதுதான். எங்கள் புறப்பாடு ஆறு நாள் தள்ளிப்போகிறது என்ற செய்தி, நான் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் பெட்டியைக் கட்டி முடித்த அன்று மாலை வந்தது. அந்த ஆறு நாளில் பெரும்பகுதியை எங்கள் கடைத்தெருவிலுள்ள ஒரு தையற்கடையின் பெஞ்சில் கழித்தேன். அங்கே நடந்த வேலை குறித்து எழுதாமல் கிளம்ப மனம் வரவில்லை.

பெயர்ப்பலகை வெயிலில் வெளுத்துப்போய், படிக்க முடியாத நிலையில் இருக்கிறது. உள்ளே இரண்டு மிதி இயந்திரங்கள், ஓர் ஓவர்லாக் இயந்திரம், தைப்பூசத்துக்காகத் தைத்து அடுக்கிய மஞ்சள் துணிகள். நான் கொண்டுபோன பனிச்சட்டையைக் கடைக்காரர் புரட்டிப் பார்த்துவிட்டு, கையின் நீளத்தைக் குறைக்க முடியாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார். "இதுல ஊசி போட்டா அந்த ஓட்டை வழியா தண்ணி எறங்கிரும் தம்பி. கைப்பட்டிய இறுக்கிப் போட்டுக்குங்க, போதும்." காசு வரும் வேலையை வேண்டாமென்று ஒதுக்கி, பொருளைக் காப்பாற்றிக் கொடுத்த அந்த ஒரு சொல்லுக்காகவே இக்கடையை நான் தயங்காமல் பரிந்துரைப்பேன். கிங் ஜார்ஜ் தீவில் கோடைக்கால வெப்பநிலை சுழியத்தை ஒட்டியே இருக்கும். அங்கே ஆளை வாட்டுவது காற்றும் ஈரமும்தான். மேற்சட்டை ஒழுகினால் உள்ளே எத்தனை அடுக்கு அணிந்திருந்தாலும் பயனில்லை.

அதற்குப் பதிலாக, உள்ளே அணியும் கம்பளிச் சட்டையின் கையை இரண்டு அங்குலம் குறைத்தார். தடித்த கையுறையோடு ஜிப்பின் சிறு நாக்கைப் பிடிக்க முடியவில்லை என்றேன். ஒவ்வொன்றிலும் விரல் நுழையும் அளவுக்கு நைலான் கயிற்று வளையம் கோத்து, முடிச்சின் முனையை நெருப்பில் காட்டி உருக்கி அடைத்தார். கையுறை காற்றில் பறந்துவிடாமலிருக்க மணிக்கட்டுக்கு எலாஸ்டிக் பட்டையும் தைத்தார். கழுத்துப் பட்டைக்குப் பருத்தி உள்துணி வைக்கலாம் என்று அவர் சொன்னபோது மட்டும் நான் மறுக்க வேண்டியிருந்தது. பருத்தி வியர்வையைப் பிடித்துக்கொண்டு உடம்பைக் குளிரவைக்கும் என்றதும், விடியற்காலை ரப்பர் மரம் வெட்டிப் பால் எடுக்கப் போய் நனைந்த சட்டையோடு நடுங்கி வந்த தம் தாயாரை நினைவுகூர்ந்தார். அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

நேரம் அதிகம் போனது விதை பொறுக்குவதில்தான். அண்டார்டிகாவுக்கு மண்ணோ விதையோ கொண்டுபோகக் கூடாது. புறப்படுமுன் பையையும் உடுப்பையும் காலணியையும் சோதிப்பார்கள். 1980களிலேயே கிங் ஜார்ஜ் தீவிலுள்ள போலந்து ஆய்வு நிலையத்தின் அருகே வெளிநாட்டுப் புல் ஒன்று வேர்பிடித்துவிட்டது என்பதை அறிந்தால், இந்தக் கெடுபிடியின் நியாயம் விளங்கும். நானோ காற்சட்டையையும் காலணியையும் பழகிப் பார்ப்பதற்காகச் செம்பனைத் தோட்டத்து ஓரத்தில் பல நாள் நடந்திருந்தேன். வெல்க்ரோ பட்டையின் கொக்கிகளுக்கிடையே ஒட்டுப்புல்லின் விதைகள் வரிசையாகச் சொருகிக் கிடந்தன. தூரிகையால் தேய்த்தால் இன்னும் உள்ளே போயின. கடையில் உதவிக்கிருக்கும் அக்கா தம் கண்ணாடியையும் மெல்லிய ஊசியையும் எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். மூன்று பிற்பகல்கள், பக்கத்து ஒட்டுக்கடைத் தே தாரேக்கோடு (ஆற்றிய பால் தேநீர்), ஒவ்வொரு விதையாக நெம்பி எடுத்து மில்க் டின் மூடியில் போட்டோம். பைகளின் அடித்தையலில் தேங்கிய செம்மண் தூசியையும் அவர்தான் கண்டுபிடித்தார்.

குறைகளும் உண்டு. தொலைபேசியை எடுக்க மாட்டார்கள், ரசீது கிடையாது, தைப்பூசம் நெருங்கும்போது சொன்ன நாளில் வேலை முடியாது. என் கம்பளிச் சட்டையே இரண்டு நாள் பிந்தித்தான் கைக்கு வந்தது. திட்டமிட்ட நாளில் கிளம்பியிருந்தால் அது இல்லாமல்தான் போயிருப்பேன். எல்லா வேலைக்கும் சேர்த்து 45 வெள்ளி (ரிங்கிட்) வாங்கினார்கள். விதை எடுத்த உழைப்புக்கு அக்கா காசு வாங்க மறுத்துவிட்டார்.

ஐந்தாம் நாள், தெரிந்தவரின் உறைகோழிக் கடைக் குளிரறையில் எல்லாவற்றையும் அணிந்துகொண்டு கால் மணி நேரம் நின்று பார்த்தேன். கையுறையைக் கழற்றாமலே நான்கு ஜிப்புகளையும் திறந்து மூட முடிந்தது. இடப்பக்கப் பையின் வளையம் மட்டும் சற்று நழுவியது. நேராகக் கடைக்குப் போனேன், அவர் மஞ்சள் துணியைக் கீழே வைத்துவிட்டு அந்த முடிச்சை மீண்டும் போட்டுக் கொடுத்தார். நாளை இரவு கிளம்புகிறேன்.