பழைய பம்பு சீலைப் பார்த்தே கசிவுக்குக் காரணம் சொல்லும் பிறைப் பட்டறை

மலேசியாவின் பினாங்கு மாநிலத்திலுள்ள பிறை தொழிற்பேட்டையில் பம்பு, மோட்டார் பழுதுபார்க்கும் கடைகளுக்குக் குறைவில்லை. ஆனால் கசியும் மெக்கானிக்கல் சீலை, அதாவது பம்பின் ஷாஃப்ட் (சுழல்தண்டு) ஓரமாக நீர் ஒழுகாமல் அடைக்கும் பாகத்தைக் கழற்றி, அது எதனால் கெட்டது என்று விளக்கிச் சொல்லும் கடைகள் மிகச் சிலவே. எங்கள் சமையல் எண்ணெய் ஆலையில் கொதிகலனுக்கு நீர் ஏற்றும் பம்பை அண்மையில் அப்படிப்பட்ட ஒரு சிறிய பட்டறையில் கொடுத்தோம். தமிழர் ஒருவர் தம் மகனோடு நடத்தும் இடம் அது. அவர்களின் வேலையை விரிவாக எழுதினால், இதே தொல்லையில் இருக்கும் பராமரிப்புப் பிரிவினருக்கு உதவும்.

அந்தப் பம்பில் ஓடுவது ஏறத்தாழ 90 டிகிரி சூட்டில் இருக்கும் வெந்நீர். முன்பு வேலை பார்த்த ஒப்பந்தக்காரர் கசிவு தொடங்கும்போதெல்லாம் புதிய சீலைப் போட்டுவிட்டு, பழையதைக் குப்பையில் எறிந்துவிட்டுப் போவார்; சில மாதங்களில் ஷாஃப்ட் ஓரமாக மறுபடியும் நீர் சொட்டும். இந்தப் பட்டறைக்காரரோ தொலைபேசியிலேயே, "தம்பி, சீலைத் தனியா எடுக்காதீங்க, கழுவவும் வேண்டாம், ஷாஃப்டோட அப்படியே கொண்டு வாங்க" என்று சொல்லிவிட்டார். எனவே பம்பின் உறையைக் குழாயிலேயே விட்டுவிட்டு, இம்பெல்லரும் (நீரைத் தள்ளும் சக்கரம்) பேரிங்கும் அடங்கிய பின்பகுதியை மட்டும் கழற்றிக் கொண்டுபோனோம்.

பெரியவர் முதலில் ஸ்பிரிங் எவ்வளவு அழுந்தி இருந்தது என்பதை அளந்து குறித்துக்கொண்ட பிறகுதான் சீலை உருவினார். கார்பன் வளையத்தின் விளிம்பு எலி கடித்ததுபோல் ஆங்காங்கே பெயர்ந்திருந்தது. அதனோடு உராயும் வெள்ளை செராமிக் சீட்டில், உள்விளிம்பிலிருந்து வெளிப்பக்கம் ஓடும் மயிரிழை வெடிப்புகள் தெரிந்தன. இரண்டையும் விளக்கடியில் திருப்பிக் காட்டி, சீல் தரமற்றது என்பதால் கெடவில்லை, சூட்டினால் கெட்டிருக்கிறது என்றார். சீலின் இரண்டு முகங்களுக்கும் நடுவே ஒரு மைக்ரான் அளவிலான நீர்ப்படலம் நிற்க வேண்டும். ஏற்கெனவே கொதிநிலைக்கு அருகில் இருக்கும் நீர், உராய்வுச் சூடும் சேர்ந்தால், அந்த இடுக்கிலேயே ஆவியாகிவிடும். அப்போது முகங்கள் விலகி விலகி மோதிக்கொள்ளும், கார்பன் ஓரம் உடையும்.

பம்பின் வெளியேற்றப் பக்கத்திலிருந்து சீலின் சூட்டைத் தணிக்க நீர் கொண்டுவரும் சிறிய குழாய் அடைத்திருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார். ஆலைக்குத் திரும்பி அதைக் கழற்றியபோது, அதில் நீரோட்டத்தைக் கட்டுப்படுத்தும் ஆரிபிஸ் தகட்டின் துளை துருவாலும் சுண்ணாம்புப் படிவாலும் அநேகமாக மூடிக் கிடந்தது. அந்தத் துளை 3 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்று பம்பு சீல்களுக்கான ஏபிஐ 682 தரநிலை கூறுவதையும் அவரே எடுத்துச் சொன்னார். இத்தனை காலம் மாற்றிய சீல்களின் விலையைவிட இந்த ஒரு தகவல் எங்களுக்கு மதிப்புள்ளது.

பொருத்தும் வேலையிலும் இதே கவனம் இருந்தது. ஷாஃப்டின் மேல் போடும் உலோக உறையான ஸ்லீவில், சீலின் ரப்பர் உட்காரும் இடத்தை மகன் நகத்தால் வருடிப் பார்த்தார். நகம் ஒரு பள்ளத்தில் தட்டியது. எமரித் தாளால் தேய்த்துச் சமாளிக்காமல், புது ஸ்லீவ் கடைந்து போட்டார்கள். டயல் கேஜ் வைத்து ஷாஃப்டைக் கையால் சுழற்றி, ஆட்டம் 0.05 மில்லிமீட்டருக்குள் இருப்பதை எங்கள் கண்முன்னேயே காட்டினார்கள். செராமிக்கை விடச் சூட்டை விரைவாகக் கடத்தும் சிலிக்கான் கார்பைடு சீட்டையும், வெந்நீரைத் தாங்கும் ஈபிடிஎம் ரப்பரையும் பரிந்துரைத்தார்கள். அந்த ரப்பர் பெட்ரோலிய கிரீஸ் பட்டால் ஊறிப் பருத்துவிடும் என்பதால், சோப்பு நீர் தடவித்தான் உள்ளே தள்ளினார்கள். சீல் முகத்தில் விரல் படவே இல்லை. தூசி விடாத தாளைப் பிடித்துக்கொண்டே அழுத்தினார்கள்.

குறைகளும் உண்டு. ஸ்லீவ் கடைவதற்கு அவர்கள் சொன்னதைவிடக் கூடுதல் நேரம் ஆனது. மாற்றுப் பம்பு இல்லாத ஆலைக்கு இது பெரிய சிக்கலாகிவிடும். சோதனை முடிவுகளை வாயால் தெளிவாகச் சொல்கிறார்கள், ஆனால் நாமாகக் கேட்டால்தான் எழுதித் தருகிறார்கள். தணிக்கைக்கு ஆவணம் தேவைப்படும் நிறுவனங்கள் இதை முதலிலேயே பேசிக்கொள்ள வேண்டும். இரவு அவசர அழைப்புகளை ஏற்பதில்லை. கூலி, சீலை மட்டும் மாற்றித் தரும் கடைகளைவிட அதிகம். செய்யும் வேலைக்கு அது நியாயமான தொகை என்றே கருதுகிறேன்.

பம்பைத் திரும்பப் பூட்டும்போது, சீல் அறையில் அடைபட்ட காற்றை வெளியேற்றாமல் மோட்டாரை முடுக்கக் கூடாது என்று எங்கள் ஆட்களிடம் தனியாக எச்சரித்து அனுப்பினார்கள். அப்படியே செய்தோம், இதுவரை ஷாஃப்ட் ஓரம் உலர்ந்தே இருக்கிறது. அங்கே போக நினைப்பவர்கள் பம்பின் பெயர்த்தகட்டைப் படமெடுத்துக்கொண்டு, ஓடும் திரவம், அதன் சூடு, உள்வாங்கும் பக்கத்து அழுத்தம் ஆகியவற்றைக் குறித்துச் செல்லுங்கள். இவை தெரியாமல் அவர்கள் சீல் பரிந்துரைப்பதில்லை.