பலூன் டயர் சைக்கிள் பார்ட்ஸ் என்று சொல்லி 18,500 ரூபாயை அடித்துவிட்டான், ஜாக்கிரதை

பழைய அமெரிக்க பலூன் டயர் சைக்கிளுக்குப் பின்சக்கர ஹப் (சக்கரத்தின் நடுவில் இருக்கும் உருளை), ரிம், செயின் என்று தேடி அலைகிறவர்கள் சென்னையில் அதிகம் பேர் இருக்க மாட்டீர்கள். ஆனால் இருக்கிற சிலரும் என்றைக்காவது இந்த ஆளிடம்தான் போய் நிற்பீர்கள், அதனால்தான் எழுதுகிறேன். பழைய பொருள் வாங்கி விற்கும் ஒரு ஆப்பில் கடை வைத்திருப்பதாகச் சொல்லிக்கொள்ளும் ஒருவனிடம் எனக்கு 18,500 ரூபாய் போய்விட்டது. நேற்று ராத்திரி என் நம்பரை பிளாக் செய்துவிட்டான். கோபம் இன்னும் அடங்கவில்லை. எப்படி ஏமாற்றினான் என்பதையும், நீங்கள் வாங்கும்போது என்னென்ன பார்க்க வேண்டும் என்பதையும் விவரமாகச் சொல்லிவிடுகிறேன்.

வண்டி என் தாத்தாவுடையது. துறைமுகத்தில் வேலை பார்த்தபோது கப்பலில் வந்த ஒருவரிடம் வாங்கியதாம். அப்பா அதில்தான் ஓட்டக் கற்றுக்கொண்டார், பெடலைப் பின்னால் மிதித்தால் பிரேக் பிடிக்கும் என்று இன்றைக்கும் காலை ஆட்டிக் காட்டுவார். பெரம்பூர் வீட்டுப் பரணில் மிச்சம் இருந்தது ஃபிரேம், ஃபோர்க், ஹேண்டில்பார், கிராங்க் (பெடல் மாட்டுகிற இரும்புக் கை), செயின்வீல் (பெடல் பக்கத்துப் பல்சக்கரம்), அவ்வளவுதான். சக்கரம் இரண்டும் எப்போதோ காணாமல் போய்விட்டது. 1933ல் ஷ்வின் கம்பெனி அமெரிக்காவில் கொண்டுவந்த அந்தத் தடித்த டயர் வகை இது, 26க்கு 2.125 அங்குல அளவு. செயின்வீலில் ஒரு பல் விட்டு ஒரு பல்தான் இருக்கும். முதலில் பார்க்கிறவர்கள் எல்லோரும் பல் உடைந்திருக்கிறது என்றே நினைப்பார்கள், எங்கள் வியாசர்பாடி மெக்கானிக் அண்ணனும் அப்படித்தான் சொன்னார். உடையவில்லை, அது கண்ணிக்குக் கண்ணி ஓர் அங்குலக் கணக்குச் செயினுக்காக வெட்டியது. நம் ஊர் செயின் எல்லாம் அரை அங்குலக் கணக்கு. கிராங்கும் ஒரே இரும்பை வளைத்தது, அதை இறுக்குகிற காட்டர் பின் (ஆப்பு) கிடையாது, அது உட்காருகிற ஓட்டையில் மரையும் கிடையாது. அதனால் நம் ஊர் சாதா சைக்கிள் (ரோட்ஸ்டர்) சாமான் பாதிக்கு மேல் இதில் சேராது.

சேருகிறதை வைத்துக் கட்டிவிடலாம் என்றுதான் ஆரம்பித்தேன். ஒரிஜினலாக இருக்க வேண்டும் என்ற பிடிவாதமெல்லாம் எனக்கு இல்லை, அப்பா ஒரு தடவையாவது தெருமுனை வரைக்கும் ஓட்ட வேண்டும், அதுதான் ஆசை. மட்கார்டு ஒரு பழைய ஹெர்குலிஸிலிருந்து வெட்டிச் சேர்த்தது. சீட் வேறு ஏதோ வண்டியுடையது. டயருக்குப் பிரச்சினையே இல்லை, மௌண்டன் பைக் டயர் அதே ரிம்மில் உட்காரும். ரத்தன் பஜார் கடைகளில் ஏறி இறங்கியும் கிடைக்காதது பின் ஹப்பும், அதில் மாட்டுகிற பல்சக்கரமும், அதற்கான செயினும்தான்.

அப்போதுதான் அந்த விளம்பரம் கண்ணில் பட்டது. நியூ டிபார்ச்சர் மாடல் டி கோஸ்டர் ஹப் (பெடலைப் பின்னால் மிதித்தால் பிரேக் பிடிக்கிற வகை), எஃகு ரிம் ஒரு ஜோடி, அங்குலச் செயின். படங்கள் அருமை. பழைய வண்டி விற்கிறவர்களில் பத்துக்கு எட்டுப் பேருக்குத் தாங்கள் விற்கிற பொருள் என்னவென்றே தெரியாது, இவனுக்குத் தெரிந்திருந்தது. நான் கேட்பதற்கு முன்னாலேயே, “அண்ணா, இது முன்னாடி பின்னாடி ரெண்டும் 36 ஸ்போக் ஓட்டை, நம்ம ஊர் ரிம் மாதிரி முன்னாடி 32, பின்னாடி 40 கிடையாது, பார்த்து வாங்குங்க” என்றான். அந்த ஒரு வார்த்தையில்தான் நான் விழுந்தேன். அது சக்கரம் கட்டியவன் மட்டுமே சொல்லக்கூடிய பேச்சு. ஹப்புக்குள் பிரேக் பிடிப்பது அடுக்கடுக்கான தட்டுகள் என்று விளக்கினான், எந்த கிரீஸ் போட வேண்டும் என்று சொன்னான், அவன் அப்பா சைக்கிள் கடை வைத்திருந்த கதையைச் சொன்னான். என் அப்பாவைப் பற்றிக் கேட்டுவிட்டு, “பெரியவர் ஓட்டுறதை வீடியோ எடுத்து எனக்கு அனுப்பணும்ணா” என்றான். இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது. ஹப்பைக் கையில் பிடித்துச் சுற்றி, பின்பக்கம் திருப்பியதும் கவ்வி நிற்பதை வீடியோவாக அனுப்பினான். அதில் சத்தம் மட்டும் இல்லை.

ஹப் 11,000, ரிம் ஜோடி 4,500, செயினும் பல்சக்கரமும் 3,000. மொத்தம் 18,500. பணத்தை ஆப் வழியாகப் போட்டால் கைக்கு வர நாளாகும், ரிம்முக்குப் பாலிஷ் போடுகிற இடத்தில் உடனே கட்ட வேண்டும் என்று யூபிஐயில் கேட்டான். பாதி அனுப்பினேன். பெட்டியில் வைத்துக் கட்டுகிற வீடியோ வந்த பிறகு மீதியும் அனுப்பினேன்.

பார்சல் லாரி ஆபீசுக்கு வந்தது, வாடகையும் என் தலையில். மெக்கானிக் அண்ணன் கடையிலேயே பிரித்தோம். ரிம்மை எடுத்ததுமே அவர், “இது 28 தம்பி” என்றார். நம் ஊர் 28க்கு ஒன்றரை, ஒன்று 32 ஓட்டை, ஒன்று 40 ஓட்டை, துருவின் மேல் வெள்ளிப் பெயிண்ட் அடித்தது. எது வராது என்று அவன் வாயால் சொன்னானோ அதையே அனுப்பியிருக்கிறான்! ஹப் என்று வந்தது ஃப்ரீவீல் மாட்டுகிற சாதாரண ஹப், அதன் இடது பக்கம் ஓர் இரும்புப் பட்டையைப் போல்ட் போட்டு இறுக்கி, படத்தில் பார்த்தால் கோஸ்டர் மாதிரித் தெரியும்படி செய்திருந்தான். அது தெரியாமல் நடந்த தவறு கிடையாது, ஒரு மனுஷன் உட்கார்ந்து, அளவெடுத்து, துளை போட்டுச் செய்த வேலை. செயின் சாதா அரை அங்குலம். பல்சக்கரம் வரவே இல்லை.

போன் செய்தேன். “பேக்கிங்ல பசங்க மாத்திட்டாங்கண்ணா, நாளைக்கே சரியானதை அனுப்பிடறேன்.” சரி என்றேன். நாளை வந்தது, “பாலிஷ் கடைக்காரர் ஊர்ல இல்லை.” அப்புறம் அவன் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, அதற்கு மேல் எப்படிக் கேட்பது என்று நானும் பேசாமல் இருந்தேன். அப்புறம், வந்த சாமானை என் செலவில் திருப்பி அனுப்பினால்தான் மேற்கொண்டு பேச முடியும் என்றான். கடைசியாகச் சொன்னதுதான் உச்சம்: “உங்க மெக்கானிக்குத் தொழில் தெரியலை, 28 ரிம்மை வெட்டி வெல்டு வெச்சா 26 ஆயிடும்.” நாற்பது வருஷமாக வீல் கோட்டம் எடுக்கிற மனுஷனைப் பார்த்து இவன் சொல்கிறான். பணத்தைத் திருப்பிக் கொடு, 18,500 ரூபாய், வேறு எதுவும் வேண்டாம் என்று எழுதினேன். அண்ணா போய் சார் ஆனேன், சார் போய் பதிலே இல்லை. நேற்று ராத்திரி டிபி மறைந்துவிட்டது.

ஆப்காரர்களிடம் புகார் கொடுத்தால் ஒரே பதிலைத் திரும்பத் திரும்ப அனுப்புகிறார்கள். பணம் எங்கள் வழியாக வரவில்லை, வாங்குபவரும் விற்பவரும் பேசித் தீர்த்துக்கொள்ளவும். அந்த ஆளுடைய கணக்கையாவது நிறுத்துங்கள் என்று படங்களோடு அனுப்பினேன், ‘தீர்க்கப்பட்டது’ என்று போட்டுப் புகாரை மூடிவிட்டார்கள். எதைத் தீர்த்தார்கள்? வங்கியில், நீங்களே பின் நம்பர் போட்டு அனுப்பியதுதானே என்கிறார்கள். சைபர் மோசடிப் புகாருக்கான 1930 எண்ணுக்குப் போன் செய்து புகார் பதிந்திருக்கிறேன்.

விவரமாகச் சொல்கிறேன் என்றேன், இப்போதைக்கு முடிந்தது இவ்வளவுதான். ரிம் வாங்கினால் ‘26’ என்ற பேச்சை நம்பாதீர்கள், டயர் விளிம்பு உட்காருகிற விட்டத்தை மில்லிமீட்டரில் கேளுங்கள்: 26க்கு 2.125 என்றால் 559, பழைய ஷ்வின்னின் 26க்கு ஒன்றே முக்கால் என்றால் 571, இரண்டும் ஒன்றுக்கொன்று சேராது, 28க்கு ஒன்றரை 635. டேப் வைத்து அளக்கிற படம் வேண்டும். ஓட்டையை வீடியோவில் எண்ணிக் காட்டச் சொல்லுங்கள். வீடியோ காலில் அன்றைய தேதியைத் தாளில் எழுதி ஹப் பக்கத்தில் வைக்கச் சொல்லுங்கள், அனுப்பி வைத்த வீடியோ எதற்கும் உதவாது. யூபிஐயில் முன்பணம் கேட்டால் விட்டுவிடுங்கள். பார்சலைப் பிரிக்கும்போது வீடியோ எடுங்கள். ஏமாந்துவிட்டால் அந்த நிமிஷமே 1930, என்னை மாதிரி அம்மாவுக்கு உடம்பு தேறட்டும் என்று காத்திருக்க வேண்டாம், அதற்குள் பணம் கணக்கு மாறிப் போய்விடும்.

இன்று காலை நண்பனின் போனில் பார்த்தேன். அதே ஆப், வேறு பெயர், அதே ஹப் படம், இந்தத் தடவை 16,000 ரூபாய் போட்டிருக்கிறான். நீல நிறத் தார்ப்பாயின் மேல் ஹப்பும் இரண்டு ரிம்மும் இருக்கும், ஓரத்தில் ஒரு சிவப்பு ஸ்டூலின் கால் தெரியும். அந்தப் படத்தைப் பார்த்தால் பணம் அனுப்பாதீர்கள், ஸ்கிரீன்ஷாட் எடுத்து எனக்கு அனுப்புங்கள், புகாரோடு சேர்க்க வேண்டும்.